நிற்கிற வண்டிக்கு ஒரு பேட்டரி

இன்று காலை பருப்பு வெந்துகொண்டிருக்கும்போது கைபேசிக்கு ஒரு குறுஞ்செய்தி வந்தது. அன்புள்ள வாடிக்கையாளரே, உங்கள் கார் பேட்டரியை இலவசமாகப் பரிசோதித்துக்கொள்ளும் நேரம் இது, வண்டியோடு கடைக்கு வாருங்கள் என்று இருந்தது. கீழே வண்டியின் எண். ஆறு மாதத்துக்கு ஒருமுறை இது வருகிறது. உத்தரவாத அட்டையில் என் பெயரும் என் எண்ணும் இருப்பதால் எனக்குத்தான் வரும், வீட்டுக்காரருக்கு வராது. அழித்துவிடலாமா, அழித்தால் பின்னால் தேவைப்படும்போது இல்லாமல் போய்விடுமா என்று யோசித்து நின்றதில் பருப்பு அடிப்பிடித்துவிட்டது. எதற்குத் தேவைப்படும் என்று கேட்காதீர்கள். எனக்கே தெரியாது.

அந்தக் கார் முதலில் அப்பாவுடையது. வெள்ளை நிறத்தில் சின்ன வண்டி. அந்த மாதிரி இப்போது தயாரிப்பிலேயே இல்லை. மூலனூரில் அப்பா முருங்கைக்காய் வாங்கி விற்றுக்கொண்டிருந்தார். காரைப் பழையதாகத்தான் வாங்கினார். வாங்கிய நாளிலிருந்து அதில் மனிதர்கள் ஏறியதைவிடக் காய்க்கட்டுகள் ஏறியதே அதிகம். பின் சீட்டில் பச்சை வாடை குடியிருந்தது. அப்பாவுக்குப் புது பேட்டரி வாங்குவதில் நம்பிக்கை கிடையாது. "எறக்கம் இருக்கறப்ப பேட்டரி எதுக்கு கண்ணு" என்பார். எங்கே போனாலும் இறக்கம் பார்த்துத்தான் நிறுத்துவார். இறக்கம் இல்லாத ஊர்களில் நாங்கள் தள்ள வேண்டும். அம்மா நடுவில், அண்ணன் வலது ஓரம், நான் இடது ஓரம். வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி உயிர் பெற்றதும் அப்பா நிறுத்தாமல் ஓட்டிக்கொண்டே போவார். நின்றால் மறுபடி அணைந்துவிடுமே என்ற பயம். நாங்கள் பின்னால் ஓடிப் போய் ஏறிக்கொள்வோம். அம்மா பட்டுச்சேலையோடு ஓடியிருக்கிறாள்.

என் நிச்சயதார்த்தம் வெள்ளகோவிலில் ஒரு மண்டபத்தில் நடந்தது. முடிந்து கிளம்பும்போது வண்டி எடுக்கவில்லை. மண்டபத்து வாசலோ தாம்பாளம் மாதிரி சமதளம். அப்பா ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "மாப்ள, ஒரு கை குடுங்க" என்றார். புது வேட்டியோடு, புது மோதிரத்தோடு, அவர் அந்தக் காரைத் தள்ளினார். அவருடைய சிநேகிதர்கள் செல்போனில் படம் எடுத்தார்கள். "சீரு குடுக்கறதுக்கு முன்னாலயே வேலை வாங்கறாங்கடோய்" என்று ஒருவர் சொன்னது என் காதுவரை வந்தது. கல்யாணத்துக்குப் பிறகு, அண்ணன் லோடு வண்டி வாங்கியதும், அப்பா அந்தக் காரை என் பெயருக்கே மாற்றிக் கொடுத்துவிட்டார். வீட்டுக்காரருக்கு அதன்மேல் இருந்த கசப்பு எங்கே ஆரம்பித்தது என்று நான் ஆராய வேண்டியதில்லை.

அண்ணன் பேட்டரியை மட்டும் மாற்றிக் கொடுத்தான். அந்தக் காரை ஓட்டிக்கொண்டு இரண்டு வருடம் வேலைக்குப் போனேன். அவிநாசி சாலையில் ஒரு ஏற்றுமதிக் கம்பெனி. மெர்ச்சண்டைசர் உத்தியோகம். வெளிநாட்டிலிருந்து பனியன் வாங்குகிறவரை நாங்கள் பையர் என்போம். அவருக்கும் தையல் வரிசைக்கும் நடுவில் நின்று இரண்டு பக்கமும் பேச்சு வாங்குவதற்குத்தான் சம்பளம். பையர் ஒன்று கேட்டால் மாலைக்குள் பதில் போய்ச் சேர வேண்டும். குறை இருந்தால் நாமே முந்திக்கொண்டு எழுதிவிட வேண்டும். அவர் கண்டுபிடித்தால் குற்றம், நாம் சொன்னால் நாணயம். கழுத்துப்பட்டியில் ஒரு தையல் விலகியதைக்கூடப் படம் எடுத்து, வட்டம் போட்டு, வருத்தம் தெரிவித்து அனுப்பியிருக்கிறேன். அந்தப் பழக்கம் எலும்பில் இறங்கிவிட்டது. இப்போதும் வீட்டுக்கு வருகிறவர்கள் காப்பி நன்றாக இருக்கிறது என்று சொன்னால், பால் கொஞ்சம் தண்ணீர்தான் என்று நானே சொல்லிவிடுவேன்.

அந்தக் கம்பெனியில் கமலாக்கா என்று, துணி ஓரம் அடிக்கும் ஓவர்லாக் மிஷினில் ஒரு டைலர் இருந்தார். காலையில் மணி அடிப்பதற்கு முன்பே வந்து, மிஷினைப் போட்டு, ஒரு வேஸ்ட் துணியில் வெறுமனே தைத்துத் தள்ளிக்கொண்டிருப்பார். எல்லா டைலர்களும் அப்படித்தான். லீவு முடிந்து வரும் நாட்களில் இன்னும் அதிக நேரம் ஓட்டுவார்கள். ஏன் என்று ஒருநாள் கேட்டேன். "ஓடாம கெடந்தா ஊசிகூடப் பகையாளியாயிரும் கண்ணு. தெனமும் அஞ்சு நிமிசம் ஓடுனாத்தான் நம்ம பேச்சக் கேக்கும்" என்றார். தையல் எனக்கு வராது. ஆனால் அந்த ஐந்து நிமிடம் மட்டும் மனதில் ஒட்டிக்கொண்டது. அது எங்கே கொண்டுபோய் விட்டது என்று பாருங்கள்.

மகள் இனியா பிறந்ததும் வேலையை விட்டேன். யாரும் விடச் சொல்லவில்லை. விட வேண்டாம் என்றும் யாரும் சொல்லவில்லை. வீட்டுக்காரர் செய்வது வேஸ்ட் வியாபாரம். பனியன் கம்பெனிகளில் வெட்டியது போக மிஞ்சும் துண்டுத் துணிகளை எடுத்து வந்து, வெள்ளை தனியாக, கலர் தனியாகப் பிரித்து மில்லுக்கு அனுப்புவது. குடோன் சின்னது. அதனால் மூட்டைகள் வீட்டுக் கார் நிறுத்தும் இடத்துக்கும் வந்தன. முதலில் ஓரமாக நான்கு. அப்புறம் காருக்கு முன்னால் ஒரு வரிசை. அப்புறம் அந்த வரிசையின்மேல் இன்னொரு வரிசை. நானும் குழந்தையும் இருந்த அறையின் ஜன்னலைத் திறந்தால் மூட்டைதான் தெரியும். துணித் தூசி காரின்மேல் மெல்லிய போர்வையாகப் படியும். தினமும் துடைப்பேன், தினமும் படியும்.

மூட்டைகள் காரை மறிப்பதற்கு முன்பு ஒரு நாள். காலை பதினொரு மணி இருக்கும். இனியாவுக்கு இரண்டு வயது. லேசான காய்ச்சல்தான் என்று நினைத்தேன். மடியில் வைத்திருக்கும்போதே கண் மேலே செருகி, கை கால் வெட்டி இழுத்தது. வீட்டுக்காரரின் அம்மா, என் அத்தை, "சாமி, காப்பாத்து" என்று சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். வீட்டுக்காரர் குடோனில் போனை எடுக்கவில்லை. நான் குழந்தையைத் தூக்கி அத்தை மடியில் கொடுத்து இரண்டு பேரையும் காரில் திணித்தேன். சாவியைத் திருப்பியதும் வண்டி எடுத்தது. அப்பா காலத்தில் எடுக்காத வண்டி அன்றைக்கு முதல் திருப்பிலேயே எடுத்தது. ஆஸ்பத்திரி போய்ச் சேருவதற்குள் இழுப்பு நின்றிருந்தது. காய்ச்சலில் வருகிற வலிப்பு, வளர வளரச் சரியாகிவிடும், மறுபடி வந்தால் உடனே கொண்டு வாருங்கள் என்றார் டாக்டர்.

உடனே என்ற அந்தச் சொல்லோடுதான் அதற்குப் பிறகு நான் குடித்தனம் நடத்தினேன்.

மறுநாள் காலையிலிருந்து காரை ஸ்டார்ட் செய்து பார்க்கத் தொடங்கினேன். பால் காய்ச்சிவிட்டு, சாவியை எடுத்துக்கொண்டு போய், ஐந்து நிமிடம். கடிகாரம் பார்த்து. எடுக்கிறது என்று தெரிந்தால்தான் அன்றைய சோறு இறங்கும். மூட்டைகள் முன்னால் ஏறிய பிறகும் நிறுத்தவில்லை. வெளியே எடுக்க முடியாத வண்டியை ஸ்டார்ட் செய்து என்ன பயன் என்று உங்களுக்குத் தோன்றும். எனக்கும் தோன்றியது. அதனால் ஒருநாள் மூட்டைகளை இழுத்துப் போட எவ்வளவு நேரம் ஆகிறது என்று சோதித்தேன். ஆறு நிமிடம். வீட்டுக்காரரிடம் சொன்னேன். "செரி, வழி உட்டு அடுக்கச் சொல்றேன்" என்றார். சொன்னபடி வழி விட்டும் அடுக்கினார்கள். பத்து நாளில் அந்த வழியிலும் ஒரு லோடு இறங்கியது. அவர் கெட்டவர் இல்லை. அவருக்கு அது இடம், அவ்வளவுதான்.

எட்டு மாதம் கழித்து ஒரு காலையில் சாவியைத் திருப்பினால் டிக் டிக் என்ற சத்தம் மட்டும் வந்தது. மறுபடி திருப்பினேன். அதுவும் இல்லை.

அன்று மத்தியானம் சாப்பிடும்போது சொன்னேன். அவர் இதற்காகவே காத்திருந்தவர் மாதிரி, "சேவூர்ல ஒருத்தரு பழைய வண்டி கேட்டுட்டு இருக்காரு. ஞாயித்துக்கெழம வரச் சொல்றேன். ஓடற மாதிரி ஒரு பேட்டரி மட்டும் பாத்துப் போட்டு வெய்யி புள்ள" என்றார்.

"குடுத்தறதுங்களா?"

"அப்பறம்? நின்னுட்டேதான இருக்குது. ஆட்டோ கூப்ட்டா ரெண்டு நிமிசத்துல வாசலுக்கு வருது."

அவர் சொன்னதில் தப்பு எதுவும் இல்லை. அதுதான் சிரமம். தப்பு இருந்தால் பேசியிருக்கலாம். ஆட்டோ வராத இரண்டு நிமிடத்தை நினைத்துத்தான் தினமும் சாவியை எடுக்கிறேன் என்பதை எப்படிக் காரணமாகச் சொல்வது? "செரீங்க" என்றேன்.

கடையில் போய் முழிக்கக் கூடாது என்று முன்கூட்டியே தயார் செய்துகொண்டேன். மூட்டைகளை நகர்த்தி, பானெட்டைத் திறந்து, இன்ச் டேப்பால் பழைய பேட்டரியின் நீளம், அகலம், உயரம் அளந்தேன். பிளஸ் எந்தப் பக்கம், முனை தடிமனா மெலிசா, வயர் எவ்வளவு தூரம் எட்டும், மேலே என்ன ஆம்பியர் போட்டிருக்கிறது, பிடித்து வைக்கும் கம்பி எங்கே உட்காருகிறது, எல்லாவற்றையும் கட்டம் போட்டு எழுதினேன். ஒரு படமும் வரைந்தேன். இனியா அதன்மேல் ஒரு பூனை வரைந்தாள்.

பேட்டரிக் கடைக்காரர் பெயர் சேவியர். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். கடைக்குள் நுழைந்ததும் ஆசிட் வாடை மூக்கில் ஏறியது. எனக்குச் சாயப்பட்டறை லேப் ஞாபகம் வந்துவிட்டது. அங்கேயும் இப்படித்தான் ஒரு புளித்த வாடை இருக்கும். கலர் ஒத்துப்போகிறதா என்று விளக்குப் பெட்டிக்குள் துணித்துண்டை வைத்து, நானும் லேப் ஆளும் தலையை முட்டிக்கொண்டு பார்ப்போம். எது சரியான நீலம் என்று அரை நாள் சண்டை போட்டிருக்கிறோம். என் கருத்தை யாராவது கேட்ட காலம் அது. சேவியர் என் காகிதத்தை வாங்கி, பூனையைத் தாண்டி நிதானமாகப் படித்தார்.

"எதுல அளந்திய?"

"இன்ச் டேப்புலங்க."

"துணி டேப்பா? அப்ப பிளஸ் மைனஸ் எவ்வளவு விடணும், அரை சென்டியா?"

சொன்ன அளவில் கூடக்குறைய எவ்வளவு போகலாம் என்று பனியன் கம்பெனியில் கேட்கிற கேள்வி அது. நான் யோசிக்காமல், "மைனஸ் மட்டும் விடுங்க. கூடப் போச்சுன்னா தட்டுல உக்காராதுங்க" என்றேன்.

அவர் சிரித்துவிட்டார். "நானும் ஏழு வருசம் பனியன் கட்டிங்ல நின்னவந்தான் தங்கச்சி. கம்பெனி ஆளுன்னு அப்பவே தெரிஞ்சிட்டு."

பெரியதாகப் போட்டால் நல்லதில்லையா என்று கேட்டேன். எனக்கு எதிலும் ஒரு அளவு கூடவே இருந்தால்தான் தைரியம். குழந்தைக்குச் சட்டைகூட அப்படித்தான் எடுப்பேன். "மூணு பேரு இருக்க வீட்டுக்கு எதுக்கு கல்யாணச் சட்டி? தட்டும் கொள்ளாது, பழைய வண்டி குடுக்க சார்ஜும் அதுக்குக் காணாது. வண்டிக்கு என்ன எழுதியிருக்கோ அதான்" என்று பெரியதை ஒதுக்கி வைத்தார். பிறகு மேலே குத்தியிருக்கும் மாதத்தைப் பார்க்கச் சொன்னார். ஆறு மாதத்துக்கு மேல் கடையில் கிடந்ததை யார் கொடுத்தாலும் எடுக்கக் கூடாதாம். "வித்தாலும் விக்காட்டாலும் உள்ளுக்குள்ள தேஞ்சிக்கிட்டேதான் இருக்கும்" என்றார். நான் மூன்று பேட்டரிகளில் மாதத்தைப் படித்து, இருப்பதில் புதியதைப் பிரித்து வைத்தேன்.

கடைசியில் இரண்டு மிச்சம். ஒரே அளவு, ஒரே சக்தி. ஒன்றுக்கு ஒன்றரை வருட உத்தரவாதம், இன்னொன்றுக்கு நாலரை.

"கேக்கேன்னு தப்பா எடுக்காதிய. வண்டிய வச்சிக்கப் போறியளா, குடுக்கப் போறியளா? குடுக்கதுன்னா இது போதும். வச்சிக்கதுன்னா அத எடுங்க."

வீட்டில் ஒருவரும் என்னிடம் கேட்காத கேள்வி அது. பேட்டரிக் கடையில் கேட்டார்கள். "வெச்சுக்கறதுங்க" என்று சொல்லிவிட்டு, யாராவது கேட்டுவிட்டார்களா என்று பின்னால் திரும்பிப் பார்த்தேன். இனியாதான் இருந்தாள், டிஸ்டில்டு வாட்டர் கேன்மேல் உட்கார்ந்துகொண்டு.

அட்டையில் பெயர் கேட்டார். என் பெயரைச் சொன்னேன். எண் கேட்டார். என் எண்ணைச் சொன்னேன். ரொம்ப நாளைக்குப் பிறகு ஒரு படிவம் முழுவதும் நானே இருந்தேன்.

சாயங்காலம் சேவியரே எங்கள் வீட்டுக்கு வந்து மாட்டிக் கொடுத்தார். மாட்டியதும் எஞ்சினை ஓடவிட்டு, மீட்டர் வைத்துச் சார்ஜ் ஏறுகிறதா என்று பார்த்தார். ஏறியது. வண்டியில் குறை இல்லை. மூட்டைகளைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "கடைசியா எப்ப ரோட்டுக்குப் போச்சு?" என்றார்.

"எட்டு மாசம் ஆச்சுங்க. ஆனா தெனமும் ஸ்டார்ட் பண்ணிருவேனுங்க. அஞ்சு நிமிசம். ஒரு நாள்கூட உட்டதில்லீங்க." பெருமையாகத்தான் சொன்னேன்.

அவர் கையைத் துடைத்துக்கொண்டே என்னைப் பார்த்தார். "அதான் தங்கச்சி கொன்னுருக்கு. ஸ்டார்ட் பண்ணும்போது ஒரு படி எடுக்கும். அஞ்சு நிமிசத்துல ஒரு பிடிதான் திரும்பி வரும். தெனம் இப்படி எடுத்தா பானை என்னத்துக்கு ஆகும்? சும்மா போட்டிருந்தாக்கூட இன்னுங் கொஞ்ச நாளு கெடந்திருக்கும்." என் முகத்தைப் பார்த்து அவருக்கே கஷ்டமாகிவிட்டது போல. "இனிமே வாரத்துல ரெண்டு நாளு அரை மணி நேரம் ரோட்ல ஓட்டுங்க, போதும். ஒண்ணும் ஆகாது" என்று குரலைத் தணித்துச் சொன்னார்.

அவர் போன பிறகு வெகுநேரம் காருக்குள் உட்கார்ந்திருந்தேன். எட்டு மாதமாக எந்த ஒன்றுக்காகப் பயந்து எழுந்தேனோ, அதை நானே தினம் ஒரு பிடியாகச் செய்துகொண்டு வந்திருக்கிறேன். நடுவில் ஒருநாள் குழந்தைக்கு இழுப்பு வந்திருந்தால்? வரவில்லை. வரவில்லை என்பது எனக்கு ஒருபோதும் ஆறுதலாக இருந்ததில்லை.

நாலரை வருட அட்டையை வீட்டுக்காரர் கண்ணில் படுகிற மாதிரி சாப்பாட்டு மேசையில் வைத்தேன். வாயால் சொல்ல முடியாததை அது சொல்லிவிடும் என்று நினைத்தேன். அவர் எடுத்துப் பார்த்தார். "நல்லதாவே போட்டுட்டயே. செரி, வெல கொஞ்சம் சேத்தியே கேக்கலாம்" என்றார்.

"இல்லீங்க, நான் வந்து..."

"என்ன?"

"அரை மணி நேரம் ரோட்டுல ஓட்டோணுமாமுங்க."

"வாங்கறவங்க ஓட்டிக்குவாங்க" என்று சொல்லிவிட்டு ரசத்துக்குக் கையை நீட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை சேவூர்க்காரர் வந்தார். வெள்ளைச் சட்டை, சாந்தமான முகம். "மருமவளுக்குங்க. புள்ளையப் பள்ளிக்கூடத்துல உட்டுட்டு வரோணும். ஓட்டப் பழகீட்டா" என்றார். காரைச் சுற்றி வந்து, டயரை அழுத்திப் பார்த்து, "பேட்டரி எப்பப் போட்டதுங்க?" என்று வீட்டுக்காரரைக் கேட்டார். அவருக்குத் தெரியாது. என்னைப் பார்த்தார்.

கேள்வி என் பக்கம் வந்துவிட்டது. அவ்வளவுதான், என் வாய் தானாக ஆரம்பித்தது. எப்போது போட்டது, எந்த மாதம் தயாரித்தது, எத்தனை ஆம்பியர், ஏன் இதைவிடப் பெரியது ஆகாது, சார்ஜ் ஏறுவதைப் பார்த்துவிட்டோம், உத்தரவாதம் எதுவரை. சேவூர்க்காரர் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். "கொறை ஏதாச்சும் இருக்குதுங்களா அம்மிணி?"

இங்கேதான் தடுத்துவிடலாம் என்று எனக்கு ஒரு நப்பாசை. குறைகளை ஒன்று விடாமல் சொன்னேன். இடது பின் கதவு வெளியிலிருந்து திறக்காது. மழையில் டிரைவர் காலடியில் தண்ணீர் சொட்டும். இரண்டாவது கியர் காலையில் முரண்டு பிடிக்கும். எட்டு மாதம் நின்ற வண்டி, டயரில் வெடிப்பு இருக்கலாம். முருங்கைக்காய் வாடை போகவே போகாது. மண்டபத்து வாசலில் மாப்பிள்ளையைத் தள்ள வைத்த வண்டி என்பதை மட்டும்தான் விட்டேன்.

அவர் பானெட்டை மூடிவிட்டுச் சிரித்தார். "இத்தன கொறையத் தம் வாயால சொல்றவங்க ஊட்டு வண்டிய வாங்கறதுக்கு என்னங்க யோசன? மெக்கானிக்கு பாக்க வேண்டியதே இல்லீங்க."

"கம்பெனில இருந்தவளாச்சுங்க" என்று வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். கல்யாணம் ஆகி என்னைப் பற்றி இன்னொருவரிடம் அவர் பெருமையாகச் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. அதையும் நான் கொஞ்சம் ரசித்தேன் என்பதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

வண்டி என் பெயரில் இருந்ததால் கையெழுத்தும் நான்தான் போட வேண்டியிருந்தது. காட்டிய இடத்திலெல்லாம் போட்டேன். போட மாட்டேன் என்று சொல்லியிருக்கலாமே என்று இப்போது நீங்கள் கேட்பது எனக்குக் கேட்கிறது. பேனாவைப் பிடித்திருக்கும்போது அது எனக்குத் தோன்றவே இல்லை. கீழே கோடு இருந்தது, அதன்மேல் எழுத வேண்டும் என்று மட்டும் தோன்றியது. கிளம்பும்போது சேவூர்க்காரரிடம், "மருமவகிட்டச் சொல்லுங்க, சும்மா அஞ்சு நிமிசம் ஸ்டார்ட் பண்ணிட்டு உட்றக் கூடாதுங்க. அரை மணி நேரமாச்சும் வெளிய ஓட்டோணும். கண்டிப்பா வெளிய" என்றேன். "சொல்லிர்றனுங்க" என்றார்.

சாயங்காலம் அப்பாவுக்குப் போன் செய்தேன். வண்டியைக் கொடுத்துவிட்டதைச் சொன்னேன். "வித்தாச்சா? செரி. பேட்டரி புதுசுன்னு சொன்னயா கண்ணு?"

"சொன்னேனுங்கப்பா."

"அப்ப நல்ல வெலதான் வந்திருக்கும்."

அந்த இடத்தில் அடுத்த வாரமே மூட்டைகள் நிறைந்தன. இனியாவுக்கு அதற்குப் பிறகு இரண்டு முறை காய்ச்சல் வந்தது. இரண்டு முறையும் ஆட்டோ சொன்ன நேரத்துக்கு வந்தது. வலிப்பு வரவில்லை. வீட்டுக்காரர் சொன்னதுதான் சரி என்று எல்லாமே நிரூபித்துக்கொண்டிருக்கின்றன.

ஆரம்பத்தில் ஆட்டோவில் போகும்போது எனக்கு ஒன்று நடக்கும். குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு பின் சீட்டில் உட்கார்ந்திருப்பேன். வேகத்தடை வரும்போது என் இடது கால் தானாகக் கிளட்சைத் தேடித் தரையை அழுத்தும். வலது கால் பிரேக்குக்குப் போகும். டிரைவர் மெதுவாக்கும்வரை இரண்டு கால்களும் இறுகி நிற்கும். எனக்குச் சிரிப்பாகவும் இருக்கும், வெட்கமாகவும் இருக்கும். வெளியே யாருக்கும் தெரியாது. சேலைக்குள் நடக்கிற சமாச்சாரம்.

போன வாரம் தடுப்பூசி போட்டுவிட்டுத் திரும்பும்போது, பழைய கம்பெனி இருக்கும் தெருவழியாக ஆட்டோ வந்தது. அந்தத் தெருவில் வரிசையாக மூன்று வேகத்தடைகள். மூன்றையும் தாண்டி வெகுதூரம் வந்த பிறகுதான் குனிந்து பார்த்தேன். என் கால்கள் இரண்டும் செருப்பைக் கழற்றிவிட்டு ஒன்றின்மேல் ஒன்று சும்மா கிடந்தன.